இந்தியக் காசோ, எங்கட காசோ?

2024 சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. காலையில் கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு செய்தி. அனுப்பியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. முந்தின இரவு எங்கள் இணையக் கடையில் மூன்று சுங்குடிச் சேலை வாங்கியிருந்தார்.

"தம்பி, மூண்டு சாறியும் அனுப்புற செலவும் சேர்த்து ஆறாயிரத்து முந்நூறு எண்டுதானே போட்டிருந்தது? வங்கியில இருந்து இருபத்துமூவாயிரத்துச் சொச்சம் எடுத்ததா மெசேஜ் வந்திருக்கு. நீங்கள் போட்டது இந்தியக் காசோ, எங்கட காசோ?"

நான் உடனே தளத்தைத் திறந்து பார்த்தேன். அவர் பார்த்த அதே பக்கம். அரக்குக் கரை போட்ட பச்சைச் சேலை, அதன் கீழே "ரூ. 1,480". அவ்வளவுதான். எந்த நாட்டு ரூபாய் என்று பக்கத்தில் எங்கேயும் இல்லை. ஆங்கிலப் பக்கத்தில் ₹ குறி இருந்தது. தமிழ்ப் பக்கம் முழுக்கத் தமிழாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு அதை எடுத்துவிட்டு "ரூ." என்று போட்டவன் நான்தான். யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்து தமிழில் படிக்கிற ஒருவருக்கு "ரூ." என்றால் அது அவருடைய ரூபாய்தான். வேறு எதையாவது நினைத்துக்கொள்ள அவருக்கு என்ன அவசியம்?

அன்றைய நிலவரப்படி ஒரு இந்திய ரூபாய்க்கு இலங்கை ரூபாய் மூன்றரைக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு மேல் அவருடைய வங்கி தன் பங்குக்கு ஏதோ சேர்த்திருந்தது. ஒரு சேலை ஆயிரத்து ஐந்நூறுக்கும் குறைவு என்று சந்தோஷப்பட்டு அக்காவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார். நான் ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பினேன். நாங்கள் அனுப்பியது 6,300 இந்திய ரூபாய், ஒரு பைசா குறைக்கவில்லை. ஆனால் அவர் கணக்கில் போய் விழுந்தது அவர் கொடுத்ததைவிடச் சில நூறு ரூபாய் குறைவு. போகும்போது ஒரு விலை, வரும்போது ஒரு விலை, நடுவில் வங்கியின் கட்டணம். "பரவாயில்லைத் தம்பி, உங்களில பிழையில்லை" என்று எழுதினார். பிழை எங்களுடையதுதான். அந்தச் சில நூறு ரூபாயை இரண்டு நாள் என்னால் மறக்க முடியவில்லை.

கடை அத்தையுடையது. மதுரையில் இருபத்தைந்து வருடமாகச் சுங்குடி விற்கிறார். துணியில் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்ததும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். முடிச்சு இருந்த இடத்தில் சாயம் ஏறாத சின்ன வட்டம் நிற்கும். சௌராஷ்டிர சமூகத்தார் மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொரோனா காலத்தில் கடை மூடிக் கிடந்தபோது, மென்பொருள் வேலை பார்க்கிற நான் வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் ஒரு தளம் போட்டுக் கொடுத்தேன். உள்ளூரில் பத்துப் பேர் வாங்குவார்கள் என்று நினைத்தோம். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவின் கிள்ளானிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் ஆர்டர் வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் காட்டியது ஒரே விலை, இந்திய ரூபாயில்.

ரூபாய் என்ற பெயரே பல நாட்டுக்குச் சொந்தம். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீசியஸ், செஷல்ஸ், எல்லாருக்கும் ரூபாய்தான். தமிழில் ரூபாய்க்கென்று ௹ என்ற தனிக் குறியே இருக்கிறது, ஆனால் அதுவும் எந்த நாடு என்று சொல்லாது. 2010 ஜூலையில் இந்திய அரசு ₹ குறியை ஏற்றுக்கொண்டது. அதை வடிவமைத்த உதயகுமார் நம்ம தமிழ்நாட்டுக்காரர். அந்தக் குறியின் பெரிய உபயோகமே இது இந்தியாவின் ரூபாய் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிவதுதான். அதைத்தான் நான் எடுத்துப்போட்டிருந்தேன்.

மொரீசியஸ் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் உண்டு. 1998இல் புதிதாக வந்த நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தியைப் போட்டுவிட்டார்கள். அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நாணயம் என்பது ஒருவர் கையில் தினமும் புழங்குகிற பொருள். அதில் எது முதலில் வருகிறது, எப்படி எழுதியிருக்கிறது என்பதெல்லாம் மனிதர்களுக்கு அவ்வளவு முக்கியம்.

சரி, ஆசிரியையின் கேள்விக்குப் பிறகு நான் முதலில் செய்தது எல்லாரும் செய்கிற வேலை. ₹1,480 என்று போட்டு, கீழே சின்ன எழுத்தில் "ஏறத்தாழ 23.95 சிங்கப்பூர் டாலர்" என்று ஒரு வரி. வருகிறவரின் இணைய முகவரியை (ஐபி எண்ணை) வைத்து நாட்டைக் கண்டுபிடித்து அந்த வரி தானாக மாறும். இரண்டு நாளில் முடிந்தது. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சிங்கப்பூர் அக்கா ஒருவர் வங்கிக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினார். நாங்கள் காட்டியது 23.95, எடுத்தது 24.70.

இது ஏன் நடக்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும், நானே தினம் படுகிற பாடு. தளத்தின் சர்வருக்கு டாலரில் பணம் கட்டும்போது என் வங்கி நாணய மாற்றுக் கட்டணமாக 3.5 சதவீதம் எடுக்கிறது. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. இணையத்தில் தேடினால் கிடைக்கிற மாற்று விகிதம், வங்கிகள் தங்களுக்குள் கொடுத்து வாங்குகிற மொத்த விலை. அந்த விலைக்கு எந்த வங்கியும் நமக்குக் கொடுப்பதில்லை. ஆக, நான் "ஏறத்தாழ" என்று போட்ட எண் ஒவ்வொரு முறையும் உண்மையான தொகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒரு தடவைகூட வாங்குபவருக்குச் சாதகமாகத் தவறாது. அப்படிப்பட்ட எண்ணை ஏறத்தாழ என்று சொல்வது சரியா?

அத்தையிடம் இதை விளக்கினேன். வங்கி, விகிதம், கட்டணம் எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "டேய், கடைக்கு வர்றவங்ககிட்ட ஆயிரத்து நானூத்தி எண்பதுன்னு சொல்லிட்டு, பில்லு போடுறப்ப ஆயிரத்து ஐந்நூத்தி இருபதுன்னு கேட்டா எப்படிடா இருக்கும்? சொன்ன வெலைக்குக் குடுக்க முடியாதுன்னா எதுக்கு வெலையச் சொல்லணும்?"

அவர் சொன்னதைத்தான் நான் இந்த இரண்டு வருடமாகச் செய்ய முயன்றுகொண்டிருக்கிறேன். வாங்குபவரின் நாணயத்தில் ஒரு எண்ணைக் காட்டினால், அந்த எண்ணையே அந்த நாணயத்திலேயே வசூலிக்க வேண்டும். ரூபாய் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கவலை விற்கிறவனுடையது. சேலை வாங்க வந்தவர் தலையில் அதைக் கட்டக் கூடாது. வெறும் மொழிபெயர்ப்பு மாதிரி எண்ணை மாற்றிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிற கடைகள் ஏராளம். எனக்கு அது நேர்மையாகப் படவில்லை.

கார்டில் கட்டும் பணத்தை வாங்கி எங்களிடம் சேர்க்கிற சேவைக்குப் பேமென்ட் கேட்வே என்று பெயர். வெளிநாட்டு நாணயத்திலேயே பணம் வாங்க எங்கள் கேட்வேயில் வசதி இருந்தது. வாங்குபவர் தன் நாணயத்தில் கட்டுவார், எங்கள் கணக்குக்கு ரூபாயாக வந்து சேரும். வூகாமர்ஸ் தன்னளவில் ஒரு கடைக்கு ஒரு நாணயம்தான் தரும், அதனால் அதன் மேல் நானே கொஞ்சம் எழுத வேண்டியிருந்தது. அடுத்த கேள்வி, எந்த விகிதத்தில் மாற்றுவது? ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் யூரோவுக்கு எதிராகச் சுமார் 30 நாணயங்களின் விகிதத்தை இலவசமாக வெளியிடுகிறது. இந்திய ரூபாய், சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட், கனடா டாலர், பவுண்டு எல்லாம் அதில் உண்டு. அதைத்தான் முதலில் எடுத்தேன். எல்லாம் ஓடியது. இலங்கையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் விலை வெறுமையாக வந்தது. இலங்கை ரூபாய் அந்தப் பட்டியலிலேயே இல்லை. குவைத் தினாரும் இல்லை. எந்த ஊர்க்காரரின் கேள்வியால் இந்த வேலையை ஆரம்பித்தேனோ அந்த ஊருக்கே விலை இல்லை! கட்டணம் கட்டி வேறொரு இடத்தில் வாங்கிக்கொண்டேன்.

விகிதம் தினம் மாறும். விலையும் தினம் மாறினால் நேற்று 24.90க்குப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கேட்டுவிட்டு, இன்று வாங்க வருகிறவருக்கு 25.10 காட்டும். அது காய்கறிச் சந்தைக்குச் சரி, சேலைக்குச் சரிவராது. நான் வைத்திருக்கும் வழி இது: திங்கட்கிழமை காலை ஒருமுறை விகிதத்தை எடுத்து, ஏற்ற இறக்கத்துக்காக இரண்டரை சதவீதம் சேர்த்து, அந்த ஊருக்குப் பழகிய மாதிரி முழுமையாக்கி, வாரம் முழுக்க அப்படியே விட்டுவிடுவேன். நடுவில் இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏதாவது நகர்ந்தால் எனக்கு ஒரு எச்சரிக்கை வரும், நானே பார்த்து முடிவு செய்வேன். சில வாரம் எங்களுக்குப் பத்து இருபது ரூபாய் குறையும், சில வாரம் கூடும். வருடக் கணக்கில் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இந்த எச்சரிக்கை வேண்டாம் என்று நினைப்பவர்கள் 2022 மார்ச்சை நினைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை ஒரு அமெரிக்க டாலர் சுமார் 200 இலங்கை ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. மத்திய வங்கி பிடியைத் தளர்த்திய சில வாரங்களில் 300ஐத் தாண்டி, மே மாதத்தில் 360 வரை போனது. அந்த நாட்களில் திங்கட்கிழமை போட்ட விலை வெள்ளிக்கிழமைக்குள் எந்தக் கடைக்கும் கட்டுப்படியாகியிருக்காது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது விலைப்பட்டியல் சங்கதி இல்லை, சம்பளமே கரைந்துபோன காலம். இலங்கை நாணயத்தைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு இருக்கும்.

"அந்த ஊருக்குப் பழகிய மாதிரி" என்று சொன்னேன் இல்லையா, இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். கணக்குப்படி 24.55 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 24.90 என்பது கண்ணுக்குப் பழகிய விலை, 24.55 யாரோ கால்குலேட்டரில் தட்டியது மாதிரித் தெரியும். சிங்கப்பூர் 2002இலேயே ஒரு காசு நாணயம் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. மலேசியாவில் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து சென்னுக்கு முழுமையாக்கிவிடுவார்கள். கனடா 2013 பிப்ரவரியில் பென்னி விநியோகத்தை நிறுத்தியது. கார்டில் எந்தத் தொகையையும் எடுக்கலாம்தான், ஆனால் கையில் இல்லாத சில்லறையை விலையில் பார்த்தால் அந்நியமாக இருக்கும். இலங்கை விலையில் சதமே போடுவதில்லை, 5,450 என்று ஐம்பதில் முடித்துவிடுவேன்.

சொல்லும் மாறுகிறது. சிங்கப்பூர்த் தமிழர் டாலர் என்று எழுதியிருப்பதைப் படிப்பார், ஆனால் வாயில் வருவது வெள்ளியும் காசும்தான். யாழ்ப்பாணத்தில் காசு என்றால் பணம், சில்லறைக்குச் சதம். மதுரையில் பைசா. அதனால் தமிழ்ப் பக்கத்தில் சிங்கப்பூர்க்காரருக்கு "24 வெள்ளி 90 காசு" என்று காட்டிப் பார்த்தேன். ஒரு அம்மா அதை மட்டும் வட்டமிட்டு அனுப்பி, "எங்க ஊர் ஆளா தம்பி நீங்க?" என்று கேட்டார். எண்களை வேகமாகப் பார்க்கச் சிரமமாக இருக்கிறது என்று வேறு இரண்டு பேர் சொன்னதால், இப்போது "சிங்கப்பூர் வெள்ளி 24.90" என்று இருக்கிறது. நாட்டின் பெயரை விடவே கூடாது. வெறும் $ போட்டால் கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் கலந்துவிடும், நான் "ரூ." போட்டு மாட்டிக்கொண்ட அதே கதை.

குவைத் விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2024 ஆடி மாதம். ராமநாதபுரம் பக்கத்து ஊர்க்காரர், குவைத்தில் ஓட்டுநர் வேலை. ஊரில் இருக்கும் மனைவிக்கு இரண்டு சேலை ஆர்டர் போட்டார், 11.650 தினார். அடுத்த நாள் அவரே எழுதினார்: "அண்ணே, ஒரு தினார் சொச்சம்தான் போயிருக்கு. கொஞ்சம் சரிபாருங்க."

பேமென்ட் கேட்வேக்குத் தொகையை அனுப்பும்போது தசமப் புள்ளி இல்லாமல், மிகச் சிறிய அலகில் அனுப்ப வேண்டும். 1,480 ரூபாய் என்றால் 1,48,000 பைசா. நான் எல்லா நாணயத்தையும் நூறால் பெருக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு குவைத் தினாருக்கு 1,000 ஃபில்ஸ். பஹ்ரைன் தினாரும் ஓமன் ரியாலும் அப்படித்தான், ஆயிரம் ஆயிரம். 11.650ஐ நூறால் பெருக்கினால் 1,165. கேட்வே அதை 1,165 ஃபில்ஸ் என்று எடுத்துக்கொண்டது, அதாவது 1.165 தினார். மூவாயிரத்து நூறு ரூபாய்க்கு மேல் வர வேண்டிய இடத்தில் முந்நூற்றுப் பதினேழு ரூபாய் வந்திருந்தது. ஜப்பானிய யென்னுக்கோ சிறிய அலகே கிடையாது. யாராவது டோக்கியோவிலிருந்து வாங்கியிருந்தால் நூறு மடங்கு எடுத்திருப்பேன். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எந்த நாணயத்துக்கு எத்தனை தசம இடம் என்பதெல்லாம் ஐஎஸ்ஓ 4217 என்ற தரப்பட்டியலில் தெளிவாக இருக்கிறது. அதைப் பார்த்து எழுதியிருந்தால் ஐந்து நிமிட வேலை. இப்போது எழுதியிருக்கிறேன். தொகைகளைத் தசமமாக எங்கேயும் சேமிப்பதுமில்லை, எல்லாம் சிறிய அலகில் முழு எண்ணாகவே இருக்கிறது.

அத்தை அன்று மாலையே இரண்டு சேலையையும் அனுப்பிவிட்டார். மீதிப் பணத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, தப்பு என்னுடையது. மூன்று நாள் கழித்து அந்த ஓட்டுநரின் மனைவி ஜிபேயில் அனுப்பினார், சரியாகக் கணக்குப் பார்த்து. குறிப்பில் "சேலை வந்தது, நல்லா இருக்கு" என்று இருந்தது.

அந்த ஆர்டர் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. வாங்குபவர் ஒரு நாட்டில், சேலை போகிற வீடு வேறு நாட்டில். எங்களுக்கு வருகிற வளைகுடா ஆர்டர்களில் பெரும்பாலானவை இப்படித்தான். இணைய முகவரியைப் பார்த்து நாணயத்தை முடிவு செய்வது முதல் ஊகம் மட்டும்தான். மேலே ஒரு பெட்டியில் நாணயத்தை அவர்களே மாற்றிக்கொள்ளலாம், ஒருமுறை மாற்றிவிட்டால் தளம் அதை மீறாது. பொருளைக் கூடையில் எடுத்துவைத்த பிறகு விலை மாறவே மாறாது, திங்கட்கிழமை நடுவில் வந்தாலும்.

பக்கங்களை வேகத்துக்காகச் சேமித்து வைப்பதிலும் ஒருநாள் சறுக்கியது. சிங்கப்பூர்க்காரருக்காகத் தயாரான பக்கம் மதுரைக்காரருக்குப் போய், "சேலை 24 ரூபாயா?" என்று அத்தைக்கு நான்கைந்து போன். ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனியாகச் சேமிக்கச் சொன்னதும் சரியானது.

தீராத ஒன்றும் இருக்கிறது. சொந்த நாணயத்திலேயே கட்டினாலும், கடை வெளிநாட்டில் இருக்கிறது என்பதற்காகவே சில வங்கிகள் கட்டணம் போடுகின்றன. சிங்கப்பூர் கார்டுகளில் இது பெரும்பாலும் ஒரு சதவீதம் அளவுக்கு வருகிறது. என்னால் அதைத் தடுக்க முடியாது. அதனால் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, சின்ன எழுத்தில் இல்லாமல் விலை இருக்கும் அதே அளவில் ஒரு வரி வைத்திருக்கிறேன்: "நாங்கள் எடுப்பது இந்தத் தொகை மட்டுமே. கடை இந்தியாவில் இருப்பதால் உங்கள் வங்கி தனியாகக் கட்டணம் எடுக்கக்கூடும்." இதைப் போட்டால் வாங்க வந்தவர் ஓடிவிடுவார் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். அந்த வரியைப் பார்த்து யாராவது வாங்காமல் போனால் போகட்டும். பணம் திருப்பித் தரும்போதும் அவர்கள் கட்டிய நாணயத்திலேயே, கட்டிய தொகையையே தருகிறோம். நடுவில் விகிதம் மாறியிருந்தால் வித்தியாசம் கடைக் கணக்கில்.

இந்த வேலையையெல்லாம் ஆரம்பித்து வைத்த ஆசிரியைக்கு, வேலை முடிந்ததும் நானே எழுதினேன். இப்போது விலை உங்கட காசிலேயே இருக்கிறது, எப்போதாவது பாருங்கள் என்று. பதில் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

2025 தைப்பொங்கலுக்கு முன்பு ஒரு ஆர்டர் வந்தது, அதே பெயர், அதே முகவரி. ஒரே ஒரு சேலை, 5,250 இலங்கை ரூபாய், அனுப்புகிற செலவு தனி. சற்று நேரத்தில் வாட்ஸ்அப்பிலும் வந்தார். விலையைப் பற்றியோ வங்கியைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

"தம்பி, அந்தப் பச்சைச் சாறியின்ர கரை படத்தில அரக்கு மாதிரியும் கிடக்கு, மண்ணிறம் மாதிரியும் கிடக்கு. உண்மையா என்ன நிறம்?"

அத்தையிடம் காட்டினேன். அவர் அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயிலில் கரையை மட்டும் விரித்துப் பிடித்து, "இங்க வச்சு எடுடா" என்றார்.